மெஷின் மாற்றிய பிறகு கார் கண்ணாடி மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

ஐப்பசி பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் எங்களுக்குக் கதவு வேலை கூடிவிடும். கோடை முழுக்க ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தொடாமல் ஓட்டியவர்கள், முதல் மழைக்குத்தான் அது முழுசாக மூடவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். உப்புக் காற்றில் கதவுக்குள் இருக்கும் கேபிளும் போல்ட்டும் துருவேறிக் கிடக்கும். மெஷின் போயிருக்கும், மாற்றுவோம். கண்ணாடியை ஏற்றி இறக்கும் அந்தச் சாமானை ஒர்க்‌ஷாப்பில் மெஷின் என்றுதான் சொல்வது. வாங்கும் பெட்டியில் விண்டோ ரெகுலேட்டர் என்று போட்டிருக்கும்.

மெஷினை மாற்றுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு கண்ணாடியை உட்கார வைப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். புது மெஷின் போட்ட ஒரே வாரத்தில் "பழையபடியே இருக்குண்ணே" என்று வண்டி திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த வண்டிகளில் நான் பார்த்ததையெல்லாம் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் மூன்று பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இது சட்டம் உள்ள கதவுக்கு, அதாவது கண்ணாடியைச் சுற்றி இரும்பு ஃபிரேம் இருக்கும் கதவுக்கு எழுதியது. நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்கள் எல்லாம் அந்த வகைதான்.

கை வைக்கும் முன்

கதவுக் கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடி. நடுவில் கையால் தட்டினால் தாங்கும். ஓரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். கண்ணாடியைப் பிடித்து வேலை செய்யும்போது கண்ணுக்கும் கைக்கும் காப்பு போடுங்கள். கதவின் உள்தகட்டு ஓரமும் பிளேடு மாதிரிதான்.

கதவுக்குள் கை இருக்கும்போது மோட்டாருக்கு ஒயர் இணைக்கும் கப்ளர் கழன்றிருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் விளையாட்டாக சுவிட்சைத் தொட்டாலும் விரல் போய்விடும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியென்றால், கதவுக்குள் மோதல் சென்சார் இருக்க வாய்ப்புண்டு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து அப்புறம் தொடங்குங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

அகல மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை மேலே ஏற்றி, ஃபிரேமுக்கு மேலாக இரு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டால் அது கீழே விழாது.

பிரித்துப் பார்க்கும் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். கண்ணாடியை மெஷினில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கண்ணாடியை மேலே தூக்கி டேப் போட்டுவிடுங்கள். இப்போது கப்ளரை மாட்டி மெஷினை வெறுமனே ஓட்டுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே வேகத்தில், ஒரே சத்தத்தில் ஓட வேண்டும்.

பிறகு மெஷினைக் கீழே இறக்கிவிட்டுக் கப்ளரைக் கழற்றி, டேப்பை எடுத்து, கண்ணாடியை இரண்டு உள்ளங்கைகளால் பிடித்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். மிதமான இறுக்கம் இருக்கலாம். எந்த இடத்திலும் கடிக்கக் கூடாது.

மெஷின் சரி, கண்ணாடி கடிக்கிறது என்றால் குறை சேனலில், அதாவது கண்ணாடியின் ஓரம் ஓடும் ரப்பர் போட்ட காடியில். கண்ணாடி சுகமாக நகர்கிறது, மெஷின் திணறுகிறது என்றால் மெஷின் அல்லது கரண்ட். இரண்டும் தனித்தனியாக நன்றாக இருந்து, சேர்த்தால் மட்டும் தகராறு என்றால் போல்ட்டுகள் முறுக்கிய விதத்தில் தப்பு. பத்து நிமிடச் சோதனை. இதைச் செய்யாமல் இரண்டாவது மெஷின் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

ஒரு கார் என்னிடம் வந்தபோது அதில் ஏற்கெனவே இரண்டு மெஷின் மாற்றியிருந்தார்கள். மூன்றாவதை வாங்கிக் கையில் வைத்திருந்தார் வண்டிக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்கச் சேனல் ரப்பர் தன் காடியைவிட்டு நழுவி, கதவுக்குள்ளே மடங்கிச் சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி அதில் போய் இடிக்கும், மெஷின் முக்கும், கேபிள் அறும். முதல் மெஷினைக் கொன்ற அதே ரப்பர்தான் இரண்டாவதையும் கொன்றது. ரப்பரை இழுத்துக் காடியில் உட்கார வைத்தேன். அவர் வாங்கி வந்த மெஷினுடன் வேலை முடிந்தது. பழைய மெஷின் ஏன் போனது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் புதியதைப் பூட்டாதீர்கள்.

முறுக்கும் வரிசை

பாதிக் கோளாறுக்கு மருந்து இதுதான். கண்ணாடி எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது சேனல். நம் ஸ்பேனர் அல்ல. கண்ணாடி நடுவழியில் நிற்கும்போது எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டால், அது எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வே நிரந்தரம்.

மெஷினின் தண்டவாளம், மோட்டார் ஆகிய இரண்டின் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்றிவிடுங்கள். கண்ணாடியை முன் சேனல், பின் சேனல் இரண்டுக்குள்ளும் நுழைத்து மெஷினின் தாங்கியில் உட்கார வைத்து, கண்ணாடி போல்ட்டுகளையும் விரலால் ஏற்றுங்கள். கண்ணாடி கொஞ்சம் அசைய வேண்டும். இப்போது சுவிட்சை விட்டு விட்டு அழுத்தி, ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டே மேலே முழுக்க ஏற்றுங்கள். மேல் ஓரம் ஃபிரேம் ரப்பருக்குள் ஒரே சீராக நுழைந்திருக்கிறதா பாருங்கள். பின் ஓரத்தைப் பின் சேனலுக்குள் லேசாகத் தள்ளி வையுங்கள். முழு நீளத்துக்கும் நேராக ஓடும் வழி அதுதான்.

அந்த நிலையில் கண்ணாடி போல்ட்டை முறுக்குங்கள். பல கதவுகளில் கண்ணாடி மேலே இருக்கும்போது போல்ட் தெரியாது. அப்படியானால், போல்ட்டுகள் ஓட்டைக்கு நேராக வரும்வரை மட்டும் கண்ணாடியை இறக்கி, சாய்வு மாறாமல் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பிறகு கண்ணாடியை மேலே ஏற்றித் தண்டவாளத்தின் மேல் போல்ட்டுகளையும், கீழே இறக்கிக் கீழ் போல்ட்டுகளையும், கடைசியாக மோட்டார் போல்ட்டுகளையும் இறுக்குங்கள். டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) மாட்டும் முன் ஐந்தாறு தடவை முழுசாக ஓட்டிப் பாருங்கள்.

கண்ணாடி போல்ட்டை முழு பலத்தில் முறுக்காதீர்கள். பெரும்பாலும் பத்தாம் நம்பர் தலை உள்ள சின்ன போல்ட்தான். சின்ன ராட்செட்டை நடுவில் பிடித்து முறுக்கினால் போதும். கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவில் வரும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் வாஷர் பழைய மெஷினோடு போய்விட்டதா என்று குப்பையில் தேடிப் பாருங்கள். இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொட்டால், இன்றில்லாவிட்டால் நாளை வெடிக்கும். எனக்கு அப்படி ஒன்று வெடித்திருக்கிறது, வண்டியை டெலிவரி எடுக்க ஆள் வந்து நின்றபோது.

அறிகுறி: கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறது

*முன்மூலை தாழ்ந்தும் பின்மூலை முந்தியும் வந்தால்:* முதலில் டார்ச் அடித்துக் கதவுக்குள் பாருங்கள். சைடு மிரருக்குக் கீழே, கதவுக்குள் இறங்கும் முன் சேனல் குட்டையானது. திரும்ப மாட்டும்போது கண்ணாடியின் முன் ஓரம் அதற்குள் போகாமல் பக்கத்தில் இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும்; ஏற்றும்போதுதான் தலை சாயும். போல்ட்டைத் தளர்த்தி, கண்ணாடியை முன்னால் தள்ளி, சேனலுக்குள் நுழைத்துவிட்டு மேலே சொன்ன வரிசையில் மறுபடி முறுக்குங்கள்.

*சேனலில் சரியாக இருந்தும் சாய்ந்தால்:* கண்ணாடி போல்ட்டுகளைச் சாய்வாக முறுக்கியிருப்பீர்கள். தளர்த்தி மேலே ஏற்றி மறுபடி முறுக்கினால் தீரும். அதிலும் தீராவிட்டால் தண்டவாளத்தைப் பாருங்கள். அதன் போல்ட் ஓட்டைகள் சில வண்டிகளில் நீள்வட்டமாக இருக்கும். அந்த அளவுக்கு முன்பின் நகர்த்தலாம். பின் சேனல் எந்தச் சாய்வில் ஓடுகிறதோ அதே சாய்வில் தண்டவாளமும் ஓட வேண்டும்.

*கத்தரி மாதிரி கை மடங்கி விரியும் மெஷினாக இருந்தால்:* கதவுத் தகட்டில் இரண்டு போல்ட்டில் ஒரு சின்னப் பட்டை மாட்டியிருக்கும். கத்தரியின் ஒரு கை அதில்தான் ஓடும். சாய்வைச் சரிசெய்வது அந்தப் பட்டைதான். போல்ட்டைத் தளர்த்தி ஒரு முனையைச் சில மில்லிமீட்டர் ஏற்றினாலே கண்ணாடியின் சாய்வு மாறும். எந்த முனை என்று வாதம் வேண்டாம். கொஞ்சம் நகர்த்தி ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். பழைய இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் அசையாமல் சாய்ந்தால் புது மெஷினையே சந்தேகப்படலாம். விலை குறைந்த மெஷின்களில் தண்டவாளம் லேசாக வளைந்தே வருவதைப் பார்த்திருக்கிறேன். பழையதன் மேல் வைத்து ஒப்பிட்டால் தெரியும். கதவு ஏதாவது ஒரு காலத்தில் இடிபட்டு டிங்கரிங் ஆன கதவென்றால் இங்கேயே நிறுத்துங்கள். ஃபிரேம் நெளிந்த கதவில் கண்ணாடியை ஓட வைப்பது டிங்கர் வேலை.

அறிகுறி: மெதுவாக ஏறுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது

இறங்கும்போது வேகமாக இறங்கி, ஏறும்போது மட்டும் திணறுகிறதா? சேனல்தான் என்று பத்துக்கு ஏழு தடவை அடித்துச் சொல்லலாம். பிரித்துப் பார்க்கும் சோதனையை வைத்து உறுதி செய்யுங்கள்.

*மெஷின் தனியாக நன்றாக ஓடினால்:* ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் ஈரத்துணியைச் சுற்றிச் சேனலுக்குள் மேலிருந்து கீழ்வரை இழுங்கள். வருகிற மண்ணைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். உப்பளப் பக்கம் ஓடும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் சேனலுக்குக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும், தூசியும் பிசினாக ஒட்டும். இரண்டே மாதத்தில் முன்பைவிட மோசமாகும்.

பழைய சன் ஃபிலிம் கிழித்த வண்டியா? 2012இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது அவசரத்தில் உரித்த எத்தனையோ கண்ணாடிகளில் ஓரத்துப் பசை அப்படியே தங்கிவிட்டது. சேனலுக்குள் மறையும் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டினால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ரப்பரில் மண்ணெண்ணெய் படக் கூடாது.

சேனலின் உள்ளே இருக்கும் மென்மயிர்ப் பூச்சு தேய்ந்து மொட்டை ரப்பர் தெரிந்தால், எந்த ஸ்ப்ரேயும் நிற்காது. சேனல் ரப்பரை மாற்றுங்கள். மெஷின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை. மெஷின் மாற்றும்போதே சேர்த்து மாற்றுவது என் வழக்கம்.

*மெஷின் தனியாகவும் மெதுவாக ஓடினால்:* என்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் பேட்டரி பலவீனம். கூடாவிட்டால் மல்டிமீட்டரை மோட்டார் கப்ளரில் வைத்து, ஓடும்போதே அளக்க வேண்டும். என்ஜின் ஓடும் வண்டியில் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். மோட்டாரில் அதைவிட ஒன்றரை, இரண்டு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ கரண்ட் வீணாகிறது. சுவிட்சின் உள் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது கதவுக்கும் தூணுக்கும் நடுவில் மடங்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் இழை அறுந்திருக்கும். கதவை ஒரு கோணத்தில் திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது என்றால் ஒயரேதான். அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அந்த இடத்தில் தாங்காது.

வோல்ட் சரியாக இருந்தும் மெதுவாக ஓடினால் மோட்டார். பெட்டியும் பில்லும் கையில் இருக்கும்போதே கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஒன்று கவனம்: சோதனை என்று விடாமல் பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். செத்துவிட்டது என்று நினைக்காமல் பத்து நிமிடம் ஆற விடுங்கள்.

அறிகுறி: மேலே தொட்டதும் தானாகக் கீழே இறங்குகிறது

ஒரே அழுத்தலில் முழுக்க ஏறும் கண்ணாடிகளில்தான் இது வரும். விரல் மாட்டினால் நசுக்காமல் திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்த பாதுகாப்பு. மெஷின் மாற்றிய பிறகு அதற்கு உச்சி எது என்று தெரியாது. புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பல வண்டிகளில் கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு சுவிட்சைத் தூக்கிப் பிடித்தபடி முழுக்க ஏற்றி, மேலே போன பிறகும் சில நொடிகள் விடாமல் பிடித்திருந்தால் கற்றுக்கொள்ளும். வண்டிக்கு வண்டி முறை மாறும். கையேட்டில் இருக்கும். பேட்டரி கழற்றினாலும் சில வண்டிகள் இதை மறந்துவிடும்.

கற்றுக்கொடுத்த பிறகும் திரும்பினால் சேனலில் கடி இருக்கிறது. மேலே உள்ள பகுதிக்குப் போங்கள். சாய்ந்த கண்ணாடியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுப்பதில் பயனில்லை. இந்தப் பாதுகாப்பைத் துண்டித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்சீட்டில் குழந்தை உட்காரும் வண்டி அது.

அறிகுறி: மூடியது போலத் தெரிகிறது, காற்று இரைகிறது

அறுபது எழுபது வேகத்தில் காதோரம் விசில் அடிக்கும். எந்த இடம் என்று கண்டுபிடிக்க முகப்பவுடர் போதும். ஃபிரேம் ரப்பரில் பவுடரைத் தூவி, கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்குங்கள். கண்ணாடி ஓரத்தில் எங்கே பவுடர் ஒட்டவில்லையோ அங்கே இடைவெளி.

மேல் ஓரம் முழுக்கவும் ஒட்டாவிட்டால், கண்ணாடி உயரம் போதவில்லை: தாங்கியில் முழுக்க உட்காராமல் முறுக்கப்பட்டிருக்கும், அல்லது மெஷினை அதன் ஓட்டைகளில் மேலே தள்ளி முறுக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் ஒட்டாவிட்டால் சாய்வு. பின் ஓரம் நெடுக ஒட்டாவிட்டால் கண்ணாடி முன்னால் தள்ளி நிற்கிறது. பக்கவாட்டில் எல்லாம் சரி, ஆனால் கண்ணாடி வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்றால், கதவுக்குள் பின் சேனலின் கீழ்முனையைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி உள்ளே வெளியே நகர்த்திப் பார்க்கலாம். மழை வைசர் ஒட்டிய வண்டியில் அந்த வைசரே விசிலடிப்பதும் உண்டு. அதன் ஓரத்தை டேப்பால் மூடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

அறிகுறி: கதவைச் சாத்தினால் கடகட

கண்ணாடியை முழுக்க ஏற்றிச் சாத்துங்கள். பிறகு பாதி இறக்கிச் சாத்துங்கள். பாதியில் மட்டும் லேசாக ஆடினால் இடுப்புப் பீடிங் (கண்ணாடி கதவுக்குள் இறங்கும் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டை) தேய்ந்திருக்கிறது, அவசரமில்லை. முழுக்க ஏறிய நிலையிலும் ஆடினால் கண்ணாடி போல்ட்டோ, தண்டவாள போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. கண்ணாடி சம்பந்தமே இல்லாமல், கிளிப்பில் மாட்ட மறந்த ஒயரும், உள்ளே விழுந்த பழைய கிளிப்பும் இதே சத்தம் போடும்.

அறிகுறி: கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டது

சுவிட்சை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். அறுந்த கேபிள் டிரம்மில் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் கெடுக்கும். வழியில் இருந்தால், இரண்டு உள்ளங்கைகளை இரு பக்கமும் அழுத்தி வைத்து மேலே நகர்த்தி டேப் போட்டு வீடு போய்ச் சேருங்கள்.

மெஷின் மாற்றி ஒரு வாரத்துக்குள் விழுந்தால் போல்ட் கழன்றிருக்க வேண்டும், அல்லது பிளாஸ்டிக் தாங்கி உடைந்திருக்க வேண்டும். தாங்கி உடைந்தால் அதற்கு மட்டும் மாற்றுச் சாமான் தேடலாம். எம்சீல் வைத்து ஒட்டியது எதுவும் என் அனுபவத்தில் ஒரு கோடையைத் தாண்டியதில்லை. கண்ணாடியின் அடியில் பசையால் ஒட்டிய இரும்புப் பட்டை பிரிந்திருந்தால், அதை ஆட்டோ கிளாஸ் கடையில் கொடுத்து ஒட்டுங்கள். இடம் சில மில்லிமீட்டர் மாறினாலும் இங்கே எழுதிய எல்லா அறிகுறியும் ஒன்றாக வரும்.

அறிகுறி: மழை பெய்தால் காலடி மேட் நனைகிறது

கண்ணாடியைக் குறை சொல்லும் முன் டோர் பேடைக் கழற்றுங்கள். மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. இடுப்புப் பீடிங் வழியாக இறங்கி, கதவின் அடி ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அது காருக்குள் வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். மெஷின் மாற்றும்போது அதைக் கிழித்து எறிந்துவிட்டு, தாள் இல்லாமலே பேடை மூடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். தண்ணீர் உள்ளே வந்து மேட்டுக்கு அடியில் தேங்கி, தரைத்தகடே அழுகிய வண்டிகளை இங்கே பார்க்கிறேன்.

தாள் இருந்தால் அதன் கறுப்புப் பசையைச் சூடுகாட்டி மறுபடி ஒட்டுங்கள். ஹேர் டிரையர் போதும். கிழிந்திருந்தால் கனமான பாலிதீன் தாளைப் பழையதன் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் இடைவெளி விடாமல் ஒட்டலாம். தாளின் கீழ் ஓரம் தண்ணீரைக் காருக்குள் விடாமல் கதவுக் குழிக்குள்ளேயே வழியனுப்பும்படி இருக்கட்டும். சில வண்டிகளில் ஏர்பேக் சென்சார் கதவுக்குள் காற்றழுத்தத்தை வைத்து மோதலை உணரும். அங்கே தாள் ஒழுங்காக மூடியிருப்பது உயிர் சம்பந்தப்பட்டது, அளவெடுத்த அசல் தாளையே போடுங்கள். பிறகு கதவின் அடி ஓட்டைகளை ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள்.

அறிகுறி: கண்ணாடியில் நெடுக்குக் கோடுகள்

இடுப்புப் பீடிங்கில் மணல் சிக்கியிருக்கும். பீடிங்கை விரலால் விலக்கிக் கழுவுங்கள். கோடு ஒரே இடத்தில், ஆழமாக, உள்பக்கமாக இருந்தால் ஏதோ போல்ட் முனை உரசுகிறது. அன்றைக்கே பிரித்துப் பாருங்கள்.

அறிகுறி: சுவிட்ச் அழுத்தினால் அசைவே இல்லை, அல்லது எதிர்ப்பக்கம் ஓடுகிறது

அசைவில்லாவிட்டால் கப்ளர் முழுக்க ஏறிச் சொடுக்கியதா, ஃப்யூஸ் இருக்கிறதா, டிரைவர் கதவில் உள்ள லாக் பட்டன் அழுந்திக் கிடக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்காகவே வண்டியை இழுத்து வந்தவர்கள் உண்டு. எதிர்ப்பக்கம் ஓடினால் இடக்கதவு மெஷினை வலக்கதவுக்குக் கொடுத்துவிட்டார்களா என்று பெட்டியைப் பாருங்கள். ஒயரை மாற்றிச் சொருகிச் சமாளிக்க வேண்டாம். கை பட்டால் திரும்பும் பாதுகாப்புள்ள கண்ணாடியில் அது மொத்தக் கணக்கையும் குழப்பும்.

ஃபிரேம் இல்லாத கதவு உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கண்ணாடி, கதவைத் திறக்கும்போது கொஞ்சம் இறங்கி, மூடியதும் ஏறி, கூரை ரப்பரில் நேராகப் போய் ஒட்ட வேண்டியது. உயரம், சாய்வு, உள்ளழுத்தம் மூன்றும் தனித்தனியாக அளந்து வைக்கும் வேலை. மெஷினை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும், பொருத்துவதை அந்த வகைக் கதவில் பழகியவரிடமே விடுங்கள்.